மொட்டை மாடியில் ஒரு சக்கரம்: கியூபன் சால்சா, முதல் பாடம்

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் 12 பேர் வட்டமாக நின்று ஆடிக்கொண்டிருந்தோம். காயப்போட்ட வத்தலை அள்ளுவதற்காக மேலே வந்த வீட்டுக்கார அப்பத்தா, முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரெண்டு பாட்டு முழுக்க நின்று பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இம்புட்டு நேரமா ஆடுறீகளே, யாரு பாக்குறதுக்குப்பா?"

"யாரும் பாக்குறதுக்கு இல்ல அப்பத்தா. சும்மா நாங்களா ஆடிக்கிறோம்."

"அப்பச் சரி," என்று வத்தலை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அப்பத்தாவுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்த விஷயத்தை ஆபீஸில் புரியவைக்க எனக்கு அரை மணி நேரமாவது ஆகிறது. "எப்ப அரங்கேற்றம்?" என்கிறார்கள். "எந்த சேனல்ல போடுறீங்க?" என்கிறார்கள். நம் ஊரில் டான்ஸ் என்றால் ஒன்று பரதநாட்டியம், அல்லது கல்லூரி ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது. எதுவாக இருந்தாலும் எதிரில் நாற்காலி போட்டு நாலு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். பார்ப்பதற்கு ஆளே இல்லாமல், ஆடுகிறவர்களே ஆடி ஆடுகிறவர்களே ரசிக்கும் வகைக்குத்தான் சோஷியல் டான்ஸ் என்று பெயர். அப்பத்தாவுக்கு இது புதிதில்லை. சின்ன வயதில் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டியவர் அவர். கும்மிக்கு யாரும் டிக்கெட் வாங்கி வந்ததில்லையே.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மேடை நடனத்தில் எந்த வரிக்கு எந்த அசைவு என்று முன்கூட்டியே தீர்மானித்து, பத்து நாள் ஒத்திகை பார்த்து ஆடுவார்கள். சோஷியல் டான்ஸில் ஒத்திகை கிடையாது. அடுத்து என்ன பாட்டு வரும், யாரோடு ஆடப் போகிறோம் என்பதே தெரியாது. கபடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். விதி தெரிந்தவன் மேலூர்க்காரனாக இருந்தாலும் உசிலம்பட்டிக்காரனாக இருந்தாலும் களத்தில் இறங்கிவிடலாம். அடுத்த நொடி என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அதில்தான் சுவாரசியம்.

சால்சாவும் காசினோவும்

சால்சா என்றால் ஸ்பானிஷ் மொழியில் குழம்பு, சட்னி வகையறா. இசைக்கு இந்தப் பெயரைப் பரப்பியது கியூபா இல்லை, நியூயார்க். அங்கே 1964-ல் ஜானி பச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனம், 1970களில் கியூப, போர்ட்டோரிக்க இசை வகைகளை எல்லாம் இந்த ஒரே பெயரில் விற்றது. ஊரில் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துச் சமைத்ததை ஓட்டலில் 'மீல்ஸ்' என்று ஒரே போர்டில் எழுதியது போல.

கியூபாவில் ஜோடியாக ஆடும் இந்த ஆட்டத்துக்கு காசினோ என்று பெயர். சீட்டாட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹவானாவில் காசினோ தெப்போர்த்திவோ என்று ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. 1950களின் கடைசியில் அங்கே இளவட்டங்கள் வட்டமாக நின்று ஜோடி மாற்றி ஆட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள், 'காசினோவில் ஆடுகிற மாதிரி ஆடலாம் வா' என்று வேறு இடங்களிலும் ஆட, மன்றத்தின் பெயரே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. 1959-ல் புரட்சி வந்து ஊரே தலைகீழாக மாறியபோதும் ஆட்டம் தெருவிலும் வீட்டு விசேஷங்களிலும் தொடர்ந்தது.

அதற்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று கிளறினால் கதை நீளும். கியூபாவின் கிழக்குப் பகுதியில் கிதாரும் போங்கோ மேளமும் சேர்ந்து பிறந்த சோன் என்ற இசைதான் அடித்தளம். அதன் மேல் தன்சோன், மாம்போ, சா-சா-சா, ரும்பா. கரும்புத் தோட்ட வேலைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களின் தாளம் இவை எல்லாவற்றுக்குள்ளும் ஓடுகிறது. கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886-ல்தான். கியூபாவை விட்டு வெளியேறிய, மறைந்த பாடகி சேலியா குரூஸ் மேடையில் 'அசூக்கார்!' என்று கத்துவார். சர்க்கரை என்று பொருள். இந்தத் தோட்டங்களை நினைத்துக்கொண்டு அதைக் கேட்டால் அந்தச் சர்க்கரை அவ்வளவு இனிப்பாக இருக்காது.

யூடியூபில் சால்சா என்று தேடினால் பெரும்பாலும் வருவது லாஸ் ஏஞ்சல்ஸ் பாணி. அதில் ஜோடி, தரையில் கோடு போட்டது போல ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னும் போய்வரும். பளபளவென்று இருக்கும், படபடவென்று சுற்றுவார்கள். கியூபன் பாணியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சுற்றி வட்டமடித்துக்கொண்டே இருப்பார்கள். நடை இயல்பான நடை, முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கும். ஆரம்பிப்பவருக்கு இதுதான் சுலபம் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு, சண்டைக்கு வருவார்கள்.

தகிட தகிட தகதிமி தக தகதிமி

சால்சா பாட்டை முதலில் கேட்கும்போது ஒரே இரைச்சலாகத் தோன்றும். கொங்கா மேளம் ஒரு பக்கம், மாட்டு மணி போன்ற காம்பானா ஒரு பக்கம், பியானோ, டிரம்பெட் என்று திருவிழாக் கூட்டம் மாதிரி. இந்தக் கூட்டத்தில் வழி தெரிய ஒரு தூண் இருக்கிறது. அதன் பெயர் கிளாவே. கோலாட்டக் குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான, கட்டையான இரண்டு மரக்கட்டைகள். அவற்றை ஒன்றோடு ஒன்று தட்டுவார்கள். அந்தக் கட்டைக்கும் கிளாவே என்றுதான் பெயர், அதில் தட்டும் தாளக்கட்டுக்கும் கிளாவே என்றுதான் பெயர்.

இதை வெளிநாட்டு வீடியோக்களில் எண்களாக விளக்குகிறார்கள். எனக்கு மூன்று மாதம் ஏறவில்லை. எங்கள் குழுவில் மிருதங்கம் கொஞ்சம் கற்ற ஒரு தம்பி ஒருநாள், "அண்ணே, இது ஒண்ணுமே இல்ல, ஜதியா சொல்லிப் பாருங்க," என்றான். நீங்களும் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்துக்கும் ஒரு கைத்தட்டு:

தகிட – தகிட – தகதிமி – தக – தகதிமி.

மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. கூட்டினால் 16 எழுத்து. ஐந்து சொல், ஐந்து தட்டு. இடைவெளி விடாமல், எழுத்துகளை ஒரே அளவில் சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்பத் தட்டுங்கள். முதல் எட்டு எழுத்துக்குள் மூன்று தட்டு விழும், அடுத்த எட்டில் இரண்டு. அதனால் இதை 3-2 கிளாவே என்பார்கள். பின்பாதியை முதலில் வைத்துத் தொடங்கும் பாட்டும் நிறைய உண்டு. அது 2-3.

இப்போது காலுக்கு வருவோம். இந்த 16 எழுத்தை இரண்டிரண்டாக எடுத்தால் 8 எண்ணிக்கை வரும். ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு 8 உறவுக்கார எண். அதில் 1, 2, 3-க்குக் கால் வைக்க வேண்டும், 4-க்கு வைக்கக் கூடாது. 5, 6, 7-க்கு வைக்க வேண்டும், 8-க்கு வைக்கக் கூடாது. அவ்வளவுதான் மொத்தச் சால்சாவும் என்று சொன்னால் பொய், ஆனால் முக்கால்வாசி உண்மை. 3-2 கிளாவேயில் 4-ல் கட்டை தட்டும், கால் சும்மா இருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். காது தட்டைக் கேட்டதும் கால் தானாக இறங்கிவிடும். ஒரு மாதத்தில் சரியாகிவிடும். எனக்கு ஆன மூன்று மாதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

போன சித்திரையில் ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில் ஸ்பீக்கர் சார்ஜ் இறங்கி நின்றுவிட்டது. அந்தத் தம்பி வட்டத்தை விட்டு வெளியே போய், தண்ணீர்த் தொட்டியின் மூடியில் இந்த ஜதியைத் தட்ட ஆரம்பித்தான். யாரும் நிறுத்தவில்லை. அன்றைக்குத்தான் எங்களில் பாதிப் பேருக்கு கிளாவே முதன்முதலாகக் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும்.

சொல்பவர் ஒருவர், சுற்றுபவர் எல்லோரும்

காசினோவை இரண்டு பேர் தனியாகவும் ஆடலாம். ஐந்தாறு ஜோடிகள் வட்டமாக நின்று ஆடினால் அதற்கு ருவேதா என்று பெயர். சக்கரம் என்று அர்த்தம். ஒருவர் அசைவின் பெயரைக் கூவுவார், எல்லா ஜோடியும் அதே நேரத்தில் அதைச் செய்யும். கும்மியில் ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது நினைவுக்கு வருகிறதா? கோலாட்டத்தில் அடுத்தவர் குச்சிக்கு நகர்ந்து போவதும் இதற்குப் பக்கத்துச் சொந்தம்.

கட்டளைகள் எல்லாம் ஸ்பானிஷ் மொழியில்தான் இருக்கும். எந்த நாட்டில் ஆடினாலும் அப்படியே கூவுவதால் மொழி தெரியாதவர்களும் சேர்ந்து ஆட முடிகிறது. முதலில் பழக வேண்டியது குவாபேயா. ஜோடி எதிரெதிரே நின்று ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் 1-ல் ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, 5-ல் முன்னுக்கு வந்து மற்றக் கையின் உள்ளங்கையை லேசாகத் தொட்டு விலகுவது. அடுத்த கட்டளை வரும்வரை இதையே செய்துகொண்டிருக்கலாம், வண்டியை நியூட்ரலில் போட்டு நிற்பது மாதிரி. தீலே கே நோ என்றால் 'அவளிடம் வேண்டாம் என்று சொல்'. லீட் செய்பவர், அதாவது அசைவைத் தொடங்கி நடத்துபவர், தன் ஜோடியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்திவிடும் அசைவு. என்சூஃப்லா என்றால் பிளக்கைச் சொருகு. ஜோடி இடம் மாறிக்கொள்ளும். சொம்ப்ரேரோ என்றால் தொப்பி. கோத்த கைகள் இரண்டு பேர் தலைக்கு மேலாகவும் போய் கழுத்துக்குப் பின்னால் இறங்கும். பாட்டுச் சத்தத்தில் குரல் கேட்காவிட்டால் கூவுபவர் தன் தலையைத் தொட்டுக் காட்டுவார், புரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தாமே. 'எனக்குத் தா' என்று பொருள். (நம்ம 'தா' அதிலேயே உட்கார்ந்திருப்பதால் மறக்காது. தற்செயல்தான், இதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.) தாமே என்றதும் லீட் செய்பவர்கள் எல்லோரும் தங்கள் வலப்பக்கம் இருக்கும் அடுத்த ஆளிடம் நகர வேண்டும். ஃபாலோ செய்பவர்கள் தங்கள் இடத்திலேயே அடுத்தவரை எதிர்கொள்வார்கள். வட்டத்தின் நடுவைப் பார்த்து நின்று வலப்பக்கம் நகர்ந்தால், மீனாட்சியம்மன் கோயில் பிரகாரத்தில் நாம் சுற்றும் திசைக்கு நேர் எதிர்த் திசை வரும். எங்கள் ஆட்கள் முதல் மாதம் முழுக்கப் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் போய் முட்டிக்கொண்டார்கள். "அப்பிரதட்சணம்!" என்று கூவினால் எல்லோரும் சரியாகப் போகிறார்கள். ஹவானாவில் அது எடுபடாது.

தாமேயை இவ்வளவு விலாவாரியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாஸ்டரே இல்லாமல், தொண்டாக நடத்தும் ஒரு குழு நிலைத்து நிற்பது இந்த ஒரு அசைவால்தான். ஒரு வட்டத்தில் ஆறு ஜோடி இருக்கிறது, அதில் நன்றாகத் தெரிந்தவர்கள் மூன்றே பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வகுப்பில் அந்த மூன்று பேரோடு ஆடக் கிடைத்தவர்கள் மட்டும் தேறுவார்கள். ருவேதாவில் இருபது வினாடிக்கு ஒருமுறை ஆள் மாறுகிறது. தெரிந்தவர் கையிலிருந்து தெரியாதவர் கைக்கு அசைவு போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடியிருப்பார்கள். தப்புச் செய்தாலும் அடுத்த தாமேயில் புது ஆள், புதுக் கணக்கு.

எங்கள் குழுவில் காசு வாங்கிச் சொல்லிக்கொடுக்கிறவர் யாரும் இல்லை. மருந்துக்கடைக்காரர் ஒருவர், பேங்கில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், கல்லூரி விரிவுரையாளர், இரண்டு மருத்துவ மாணவர்கள், நான் என்று ஒரு கலவை. பேங்க் அக்கா சில வருடம் பெங்களூரில் இருந்தபோது கற்றுக்கொண்டு வந்தது முதல் விதை. சென்ற மாதம் கற்றவர் இந்த மாதம் வருபவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவசரத்தில் வைத்த வழக்கம்தான், ஆனால் நன்றாகவே வேலை செய்கிறது. பத்து வருடம் ஆடியவருக்கு, கால் ஏன் 4-ல் இறங்குகிறது என்பது மறந்துபோயிருக்கும். போன மாதம் தடுக்கியவருக்கு அந்த வலி பசுமையாக இருக்கும்.

காசு விஷயம் ரொம்பச் சின்னது, ஆனால் குழு உடைவது பெரும்பாலும் அங்கேதான். எங்களிடம் ஒரு 40 பக்க நோட்டு இருக்கிறது. வாரத்துக்குத் தலைக்கு 50 ரூபாய், மாணவர்களுக்குக் கிடையாது. வரவு, செலவு இரண்டையும் அந்த நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டுவிடுவோம். ஒருமுறை ஒரு சின்ன மண்டபத்தை மாதத்துக்கு நாலு ஞாயிறு என்று பேசி முன்பணம் கொடுத்தோம். முதல் ஞாயிறு சரியாகப் போனது. இரண்டாவது ஞாயிறு வளர்பிறை முகூர்த்தம். நாங்கள் போய் நிற்கும்போது வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பணம் முழுசாகத் திரும்பி வரவில்லை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே விரிவுரையாளர் 'மொய்' என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் மொட்டை மாடி.

வேலைப் பங்கீடும் அப்படித்தான். கூவுவது, ஸ்பீக்கருக்கு சார்ஜ் போட்டு எடுத்து வருவது, பாட்டு தேர்ந்தெடுப்பது, புதியவரோடு முதல் கால் மணி நேரம் நிற்பது. இந்த நாலையும் ஒரே ஆள் செய்தால் ஆறு மாதத்தில் அந்த ஆள் காணாமல் போய்விடுவார், பின்னாலேயே குழுவும் போய்விடும். முதல் வருடம் எல்லாமே பேங்க் அக்காதான். அவர் ஒருநாள், "நான் ஆடி ரெண்டு மாசமாச்சு தெரியுமா?" என்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறோம்.

சரி, எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். ஆணும் பெண்ணும் கை பிடித்து ஆடுவதை நம் ஊரில் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? முறைப்பவர்களும் இருக்கிறார்கள், அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து முதல் வாரம் உட்காரவைத்துக் காட்டிய பெண்ணும் இருக்கிறாள். நாங்கள் கடைப்பிடிப்பது இதுதான். ஆடலாமா என்று கேட்டுத்தான் ஆடுவது. வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை. ருவேதாவில் தாமேக்கு எல்லோரிடமும் போக வேண்டியிருப்பதால், யாரோடாவது ஆட விருப்பமில்லை என்றால் கூவுபவரிடம் முன்பே காதில் சொல்லலாம், அவர் வட்டத்தைப் பிரித்து அமைப்பார். லீட் என்றால் ஆண், ஃபாலோ என்றால் பெண் என்று கிடையாது. ஆள் எண்ணிக்கை சரியாக அமைந்த ஞாயிறு எங்களுக்கு அபூர்வம் என்பதால் இரண்டையும் எல்லோரும் பழகுகிறோம். ஒயிலாட்டத்தில் ஆம்பளைகள் மட்டும் வரிசையாக ஆடி வளர்ந்த ஊர்க்காரர் ஒருவர், ஃபாலோதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று அதிலேயே நிலைத்துவிட்டார்.

கேட்காமல் வீடியோ எடுக்கக் கூடாது. இதில் மட்டும் சமரசமே இல்லை. வேறு ஊரில் இது நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கலாம். இங்கே முப்பது வினாடி வீடியோ திருமங்கலத்துச் சித்தப்பா போனுக்குப் போய்ச் சேர்ந்தால், ஒரு பெண் அடுத்த வாரம் வர முடியாமல் போகும்.

இன்னொன்று, ஆடும்போது எதிரில் இருப்பவரைத் திருத்தாதீர்கள். அவர் கேட்டால் சொல்லலாம். இரண்டு வாரம் முன்னால் சேர்ந்தவர் எல்லோருக்கும் பாடம் எடுக்க ஆரம்பிப்பது எல்லாக் குழுவிலும் நடப்பதுதான். பெரும்பாலும் அது ஆம்பளையாகத்தான் இருக்கும். நானும் அப்படி இருந்தவன்தான்.

வர நினைப்பவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். சிமெண்டுத் தரையில் ரப்பர் அடி பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால் பாதிக்கும். கேன்வாஸ் ஷூவின் முன்பாதத்துக்கு அடியில் அட்டைப்பெட்டி ஒட்டும் துணி டேப்பை ஒட்டிக்கொண்டால் வழுக்கிக்கொடுக்கும். செருப்பு வேண்டாம், பறந்துபோய் யார் மேலாவது விழும். மாற்றுச் சட்டை ஒன்று, துண்டு ஒன்று கட்டாயம். நம்ம வெயிலில் இரண்டு பாட்டுக்கே சட்டை நனைந்துவிடும், நனைந்த தோளில் கை வைக்க யாருக்கும் பிடிக்காது. வீட்டில் கேட்டுப் பழக தீம்பா என்ற வேகமான புதுக் கியூப இசைப் பாட்டுகளில் ஆரம்பிக்காமல், மெதுவான சோன் பாட்டுகளில் ஆரம்பியுங்கள். 1969-ல் தொடங்கிய லாஸ் வான் வான் என்ற கியூப இசைக்குழுவின் பாட்டுகளுக்கு அப்புறம் வரலாம், கால் தயாரானதும்.

கோடையில் ஆறரைக்கு முன்னால் மாடி ஏற வேண்டாம், தரை கொதிக்கும். பேங்க் அக்கா கீழே குழாயடியில் வாளியோடு நிற்பார். முதலில் வருகிறவர் அதை வாங்கிக்கொண்டு போய் மாடியில் தண்ணீர் தெளிக்க வேண்டும்.